புதன்கிழமை வராத பெண்

எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் பதினெட்டு மாணவர்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். அவர்களுக்கு நாம் மென்டர். படித்து முடிக்கும்வரை அவர்களுடைய வருகை, மதிப்பெண், வீட்டு நிலைமை, மனக்கஷ்டம் எல்லாவற்றையும் கேட்டு ஒரு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். தரச்சான்று கொடுக்க வெளியிலிருந்து குழு வரும்போது அந்தக் கோப்பை எடுத்துப் பார்ப்பார்கள். அதனால் குழு வருவதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து மொத்தமாக எழுதித் தள்ளுகிறவர்களும் உண்டு. நான் அப்படியில்லை. அப்போது வேதியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒருவருக்கு ஒரு கலர் ஒட்டுத்தாள், மாதம் ஒருமுறை தனித்தனிச் சந்திப்பு, பேசியதற்கு அன்றைக்கே குறிப்பு என்று கோப்பைக் கண்ணாடிபோல் வைத்திருந்தேன். அந்த வேகத்தில் ஒரு பெண்ணுக்கு நான் செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன்.

அவள் திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலைமேல் இருக்கும் போனக்காட்டுப் பெண். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள். பள்ளிக்கூடம் மலையடிவாரத்து வித்துராவில், மலையாளத்தில். கல்லூரிக்காகத் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலையேறி, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இறங்குவாள். வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டாள். முதல் இரண்டு மாதம் நாங்கள் மலையாளத்தில்தான் பேசிக்கொண்டோம். அவளுடைய படிவத்தில் தாய்மொழி என்ற கட்டம் இருந்தது. அதை அவள் நிரப்பவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஒருநாள் சந்திப்பின் நடுவில் என் அம்மா போன் செய்தாள். எங்கள் வீடு வலியசாலை அக்ரஹாரத்தில். அம்மா போனில் பேசினால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்.

"ஏண்டி, ஆத்துக்கு வரச்சே கறிவேப்பிலை வாங்கிண்டு வா. நேத்திக்கும் மறந்துட்டே."

"வாங்கிண்டு வரேம்மா. இப்போ பசங்களோட பேசிண்டிருக்கேன், வெச்சுடு."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அவள் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்க தமிழா?"

"நீயுமா?"

"பின்னே! எங்க லயத்துல எல்லாருமே தமிழ்தான். ஆனா 'வரச்சே'ன்னா என்ன மிஸ்?"

அன்றைக்கு மீதியிருந்த பத்து நிமிடமும் தாய்மொழிப் பாடம்தான். அவளுடைய தமிழில் பாதி மலையாளம், என்னுடையதில் பாதி பழைய காலம். அதற்குப்பிறகு மாதம் ஒருமுறை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. வகுப்பு முடிந்தால் எங்கள் துறை வாசலில் வந்து நிற்பாள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி, அறைத்தோழியின் குறட்டையைப் பற்றி, கரிம வேதியியல் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதைப் பற்றி எல்லாம் பேசுவாள். தங்கையில்லாத எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஓணம் லீவு முடிந்த பிறகு அவள் புதன்கிழமைகளில் வராமல் போனாள். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. மாதக்கடைசியில் வருகைப் பதிவைக் கூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி எல்லாம் இருக்கிறாள், புதன் மட்டும் இல்லை. எங்களுக்குப் புதன்கிழமைதான் லேப். லேப் வகுப்புகளை விட்டவர்களைச் செய்முறைத் தேர்வில் உட்கார விடமாட்டார்கள்.

வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். "வயித்துவலி மிஸ்" என்றாள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டபோது "தலைவலி" என்றாள். அது என்ன புதன்கிழமை மட்டும் வருகிற வலி? பொய் சொல்கிறாள் என்று தெரிந்தது. என்னிடமே பொய் சொல்கிறாளே என்ற வருத்தம் கோபமாக மாறியது. என் பக்கத்து மேஜைக்கார ஆசிரியை, "இந்த வயசுல வேறென்ன, ஏதாவது பையனாயிருக்கும். வீட்டுக்குச் சொல்லிடு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா மென்டர் என்ன பண்ணினான்னு உன்னைத்தான் கேப்பா" என்றாள்.

கோப்பைத் திறந்து அவளுடைய அப்பாவின் எண்ணை எடுத்தேன். அவர் வித்துராவுக்கும் போனக்காட்டுக்கும் நடுவில் ஜீப் ஓட்டுகிறவர். மலைமேல் போன் கிடைக்காது, ஜீப் வித்துராவில் நிற்கும்போதுதான் கிடைக்கும். என்னுடைய நேரம், உடனே கிடைத்தது. உங்கள் மகள் இரண்டு மாதமாகப் புதன்கிழமைகளில் கல்லூரிக்கு வருவதில்லை, காரணம் கேட்டால் மாற்றி மாற்றிச் சொல்கிறாள், நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்று சொன்னேன். மறுமுனையில் ஜீப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர், "நான் வாறேன் டீச்சர்" என்றார். போனை வைத்துவிட்டு, தேதி போட்டு, 'பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்று கோப்பில் எழுதினேன். கடமையைச் செய்த திருப்தி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் துறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச்சட்டை. வழியில் எங்கேயோ நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார், முன்முடி நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினேன். அறையில் வேறு இரண்டு ஆசிரியர்கள் விடைத்தாளைத் திருத்துவதுபோல் குனிந்திருந்தார்கள். அவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருக்கலாம். அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவள் உள்ளே வந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"புதன்கிழமை எங்க போற?" என்று அவர் கேட்டார். குரல் உயரவில்லை. "டீச்சர் விளிச்சுச் சொல்லித்தான் எனக்கு அறியணுமா?"

"ஆஸ்பத்திரிக்கு."

அவர் முகம் சட்டென்று மாறியது. "உனக்கென்னா?"

"எனக்கில்லப்பா. அத்தைக்கு."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கால்ல புண்ணு" என்று அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "செருப்பு கடிச்சதுதான். ஷுகர் இருக்கறதால ஆறமாட்டேங்குது. மூணு மாசமாச்சு. புதன்கிழமைதான் அந்த டாக்டரு இருப்பாரு. அத்தைக்கு மலையாளம் வாசிக்க அறியாதுல்ல. மொத தடவ தனியா வந்து, எந்தக் கவுண்டர்னு தெரியாம மத்தியானம் வரைக்கும் வெளியவே உக்காந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு அத்த சத்தியம் வாங்கிச்சு. சொல்லியிருந்தா நீங்க என்னைய விட்டிருப்பீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பி, "இவ இனிமே புதன்கிழமை கிளாஸ்ல இருப்பா டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் பயந்ததுபோல் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போன விதத்தைப் பார்த்தபோது அப்படிக் கூட்டிக்கொண்டு போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவருக்கு ஒரே ஒரு அக்கா, அவர்தான் அந்த அத்தை. ஒரே லயத்தில் ஐந்து கதவு தள்ளி வீடு. ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அவர்களுடைய அம்மா இறந்தபோது அக்கா ஒரு கல்யாணத்துக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தார். நல்ல மழை. அக்கா வருவதற்குள் தம்பி இறுதிச்சடங்கை முடித்துவிட்டார். அம்மா முகத்தைப் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டான் என்று அக்காவுக்குத் தீராத ஆத்திரம். அந்த நேரத்தில் கல்யாண வீட்டில் இருந்தாளே என்று தம்பிக்கு. நடுவில் இந்தப் பெண் மட்டும் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தாள்.

அப்பா போன பிறகு அவள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "மிஸ் என்னோடு சோதிச்சில்லல்லோ" என்றாள். என்னிடம் நீங்கள் கேட்கவேயில்லையே என்று. மலையாளத்தில்.

நான் கேட்டேனே, வராந்தாவில் இரண்டு தடவை கேட்டேனே என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் நூறுபேர் போய்வருகிற வராந்தாவில், வாட்சைப் பார்த்துக்கொண்டு கேட்டதைக் கேள்வியென்று எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து அவள் என்னிடம் தமிழில் பேசவில்லை. வகுப்பில் மரியாதைக்குக் குறைவில்லை. புதன்கிழமை லேபுக்கும் வந்தாள். "யெஸ் மிஸ்", மலையாளத்தில் "செய்தூ மிஸ்" என்பதோடு சரி. துறை வாசல் காலியாயிற்று.

மூன்றாவது வாரம் ஹாஸ்டல் வார்டனை வழியில் பார்த்தபோது, அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார். விசாரித்ததில், அத்தை ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார் என்று அறைத்தோழி சொன்னாள். தம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு இரண்டு புதன்கிழமையும் அவர் வாசலில் போய் நின்றாராம். அந்த ஜீப்பில் ஏறமாட்டேன் என்று அத்தை கதவைச் சாத்திக்கொண்டாராம். அவளைக் கூட வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால், அத்தை தனியாகவும் போகவில்லை.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "போய்ப் பாத்து மன்னிப்பு கேட்டுட்டு வா. வேறென்ன பண்ண முடியும்?" என்றாள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டனுப்பாமல், லேப் முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து பக்கத்தில் போனேன். "ஞாயித்துக்கிழமை நான் போனக்காட்டுக்கு வரலாமா? அத்தையைப் பாக்கணும். நீ வேண்டாம்னா வரல்லை. யோசிச்சுச் சொல்லு" என்றேன். அவள் பிப்பெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் ஒரே ஒரு வார்த்தை வந்தது: 'வாங்க.'

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். வித்துரா தாண்டிக் காடு ஆரம்பித்ததும் ஜன்னல் வழியாகக் குளிர் அடித்தது. நிறுத்தத்தில் அவள் குடையோடு நின்றிருந்தாள். என் கையிலிருந்த பிஸ்கட் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய குரல்.

"நீங்கதான் அந்த டீச்சரா? புள்ளையக் காட்டிக் குடுத்தது?"

"ஆமா, நான்தான். அவகிட்ட சரியா கேக்காம பண்ணிட்டேன். தப்புதான்."

"தப்புதான்" என்று அவரும் சொன்னார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருங்க. கட்டன் சாயா குடிப்பீங்கல்ல?"

அவள் பால் விடாத டீ போட்டுக் கொண்டுவந்தாள். கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். சின்னவிரல் கறுத்துப்போயிருப்பதைப் பக்கத்து வீட்டு விவகாரம்போலச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அவன் வண்டியில் போகமாட்டேன் என்றார். புதன்கிழமை பஸ் நிற்குமிடத்திலிருந்து நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். "உங்களுக்குக் கிளாஸ் இல்லையா? ஒரு புள்ளயோட படிப்பக் கெடுத்தது போதாதா?" என்றார்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அத்த, நீ வரலேன்னா நானும் காலேஜுக்குப் போறதில்ல. பொட்டியக் கொண்டுவந்து இங்கயே கெடப்பேன்."

"மெரட்டுறியா?"

"ஆமா, மெரட்டுறேன்."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஜீப் நின்றிருந்தது. தம்பி அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப. அத்தை வாசலுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பின்சீட்டுலதான் இருப்பேன். வழியில பேச்சுவார்த்த ஒண்ணும் வேணாம்னு சொல்லிரு."

அவள் வாசலுக்குப் போனாள். "அப்பா, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். காலையில அஞ்சரைக்கு வண்டி எடுக்கணும்னு சொல்லு."

அந்தப் புதன்கிழமையிலிருந்து தம்பி ஓட்ட, அக்கா பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டோக்கன் எடுப்பது, மருந்துச்சீட்டைக் காட்டுவது எல்லாம் தம்பி செய்தார். அவரோடு பேசவேண்டியிருந்தால் அத்தை நர்ஸிடம் சொல்வாராம், நர்ஸ் அவரிடம் சொல்வாராம். லேபில் போன் கூடாது என்பது விதி. ஆனாலும் அவளுடைய போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன். பதினொரு மணிக்கு மேல் அது ஒருமுறை அடிக்கும். "டாக்டரு பாத்தாச்சு" என்று அப்பா சொல்வார். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி பியூரெட்டைத் திறப்பாள்.

ஐந்தாவது புதன்கிழமை அது பன்னிரண்டு மணிவரை அடிக்கவில்லை. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில், கரைசல் நிறம் மாறவேண்டிய புள்ளியைத் தாண்டிப் போய்விட்டது. "நீ போ" என்றேன். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள்.

வியாழக்கிழமை காலை, கல்லூரி திறக்குமுன் துறை வாசலில் நின்றிருந்தாள்.

"சின்னவெரல எடுத்துட்டாங்க மிஸ். காலு தப்பிச்சிருச்சு" என்றாள். தமிழில். "ஆபரேஷனுக்கு சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும்னாங்க. அப்பா பேப்பரக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. போடலாமா வேணாமான்னு அவருக்குத் தெரியல. அத்த கட்டில்ல படுத்துக்கிட்டே, 'என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? நீதான போடணும், போடு'ன்னுச்சு."

"அப்பாகிட்டயா?"

"அப்பாகிட்டதான். ஒம்பது வருஷத்துல மொத வார்த்த." அவள் சிரிக்கவும் அழவும் செய்தாள். "அப்பாவுக்குக் கையெழுத்து கோணலாப் போயிருச்சு. இன்னொரு பேப்பர் வாங்க வேண்டியதாச்சு."

நான் கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். அந்த மூன்று வாரம் விட்டுப்போனதால்தான் விரல் போயிற்றா?

அவள் கொஞ்சம் யோசித்தாள். "டாக்டர் அப்படிச் சொல்லல மிஸ். இல்லேன்னும் சொல்லல."

அதை அவள் மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன். என் கோப்பில் அவளுடைய பக்கத்தில், 'பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே, மாணவியிடம் காரணம் கேட்காமல் செய்தது என் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல்வர் அதைப் படித்துவிட்டு, குழு வரும்போது இது தேவையா என்றார். இருக்கட்டும் சார் என்றேன். வருகைக் குறைவை மன்னிக்கும் விண்ணப்பத்தில் அவர் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

விட்டுப்போன சோதனைகளைச் சனிக்கிழமைகளில் செய்தோம். காலியான லேபில் நாங்கள் இரண்டுபேர் மட்டும். அவளுக்கு நல்ல கை. மூன்று தடவை செய்தாலும் ஒரே அளவு வரும். அதைச் சொன்னால் நம்பமாட்டாள், நான்காவது தடவையும் செய்துபார்ப்பாள். செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் அவளுடைய மேஜைப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனார். மீதி வருடங்கள் எல்லோருக்கும் போகிறமாதிரிதான் போயின. கரிம வேதியியல் கடைசிவரை அவளைப் படுத்தியது. ஒரு தாளில் தோற்று மறுபடி எழுதினாள். அதற்காக என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, நான்தான் கேள்வித்தாளைத் தயாரித்தேன் என்ற சந்தேகம். நானில்லை.

அவளுக்குப் பிறகு வந்த மாணவர்களுடைய வீட்டு எண்கள் இப்போதும் என் கோப்பில் இருக்கின்றன. அழைக்கவேண்டி வந்தால் மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழைக்கிறேன். சிலர் வேண்டாம் மிஸ் என்பார்கள். ஏன் என்று கேட்பேன். பெரும்பாலும் அங்கேயே விஷயம் வெளியே வந்துவிடும்.

போன வருடம் அவளுக்கு ஹைதராபாத்தில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. ரயில் ஏற்றிவிட அப்பாவும் அத்தையும் வந்திருந்தார்கள். நானும் போனேன். அத்தை பிளாட்பாரத்தில் என் தோளைப் பிடித்து நடந்துவந்தார். கையில் புளிச்சாதம் கட்டிய பெரிய பொட்டலம். ஒரு ஆளுக்கு மூன்று நாளைக்கு வரும். அப்பா பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, சங்கிலிபோட்டுப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். ரயில் நகர்ந்ததும் மூன்றுபேரும் வெளியே வந்து தம்பானூரில் ஒரு கடையில் டீ குடித்தோம்.

என் போனில் அவளிடமிருந்து செய்தி வந்தது. எதிர் சீட்டில் ஒரு பெண், அவளும் அதே வகுப்பில் சேரத்தான் போகிறாளாம். அத்தைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தப் புள்ள சாப்பிட எதாச்சும் கொண்டுவந்திருக்கான்னு கேளுங்க டீச்சர்."

கேட்டேன். இரண்டு சப்பாத்தி என்று பதில் வந்தது.

"ரெண்டு சப்பாத்தியா? ஹைதராபாத் வரைக்குமா?" அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நம்ம சோத்துல பாதி அதுக்குக் குடுக்கச் சொல்லுங்க. அப்பளம் தனியா பேப்பர்ல சுத்தி மேல வச்சிருக்கேன், அதையும்."

அப்பா, "அப்பளம் நொறுங்கியிருக்கும்க்கா" என்றார்.

"நொறுங்கினா என்ன, ருசி போயிருமா? நீங்க எழுதுங்க டீச்சர்."

நான் எழுதினேன்.